பயிற்சியில் பதிவான அடி

செவ்வாய், இரவு

யாரும் இலவசமாக எடுத்து மாற்றக்கூடிய திறந்த மூல மென்பொருளைச் சம்பளமில்லாமல் பரிசோதிக்கும் எங்கள் குழுவுக்கு, சோதனை அறிக்கைகளைத் திருத்த நான் சேர்த்த புது எடிட்டர் கலா, பெருநகர் என்ற ஊர்க்காரி. இன்று வீடியோவில் அவளுக்கு முதல் பயிற்சி. பாதியில் அவள் புருஷன் வந்தான்.

"துட்டு வராத வேலைய இன்னாடி பண்ணிக்கினு கீற?"

அறைந்தான். முடியைப் பிடித்து மேசையில் மோதினான். அப்புறம் லேப்டாப்பைத் தூக்கி அடித்தான். உத்திரமேரூரில் உட்கார்ந்து நான் கத்தி என்ன பயன்? அவனை வெட்டிப் போட வேண்டும் போலிருந்தது.

புதியவர்கள் பார்த்துக் கற்பதற்காக எங்கள் பயிற்சிகள் எல்லாமே பதிவாகித் தானாகவே பொதுவில் ஏறிவிடும். இதுவும் ஏறிவிட்டது. அவள் மானம் போகுமே என்று அழிக்கப் போனேன். அதற்குள் போனில் கூப்பிட்டாள். வாய் வீங்கிப் பேச்சு குழறியது.

"அழிச்சிடாதக்கா. எல்லாரும் பாக்கட்டும். ஸ்டேஷன்லயும் காட்டணும். அடுத்த மென்பொருளோட அறிக்கைய எனக்கே குடு."