மேடைக்கு ஏற்ற கஷ்டம்

ஜனவரி 9

என் செல்லச் சிட்டுக்கு,

உன் கடிதம் வந்தது. சலவைக்கூடத்தில் சூடு தாங்கவில்லை, வீட்டுக்கு வந்துவிடட்டுமா என்று கேட்டிருக்கிறாய். வேண்டாம் கண்ணு. ஊர்ப் பிள்ளைகளுக்கெல்லாம் 'கஷ்டத்தில் வளருங்கள், நீங்கள் நீங்களாக இருங்கள்' என்று மேடை மேடையாகச் சொல்கிறவனின் மகள், ஆறே மாதத்தில் பெட்டியைக் கட்டிக்கொண்டு வந்து நின்றால் நான் முகத்தை எங்கே வைத்துக்கொள்வது? உன் அம்மா ஒரு அவசரக்குடுக்கை. உன் மெத்தையை எடுத்து வெயிலில் போட்டாள். நான் அதைச் சுருட்டி மறுபடி பரண்மேல் ஏற்றிவிட்டேன்.

கஷ்டத்தை விவரமாக எழுது. 'சூடு' என்று ஒற்றை வார்த்தையில் முடித்துவிடாதே. எங்கே சுட்டது, எப்படிச் சுட்டது என்று எழுது. உன் கடிதம்தான் எனக்குத் தெம்பு.

ஆசையுடன்,
அப்பா

ஜனவரி 27

அன்புள்ள அப்பாவுக்கு,

கோபமில்லை, கொஞ்சம் வருத்தம்தான். விவரம் கேட்டீர்கள், எழுதுகிறேன். ஆஸ்பத்திரிப் படுக்கை விரிப்புகளை ஈரத்தோடு சூட்டு உருளைகளுக்கு நடுவே விடுவோம். மறுபக்கம் காய்ந்து, தேய்த்தபடி வரும். விரிப்பு சிக்கினால் மெஷினை நிறுத்திவிட்டுத்தான் இழுக்க வேண்டும். போன வாரம் வேலை தேங்கிக் கிடந்தது. நிறுத்தாமலே கையை விட்டு இழுத்தேன். மயிரிழையில் தப்பித்தேன், விரல் நுனிகளில் மட்டும் தோல் உரிந்தது. சூப்பர்வைசர் அம்மா எல்லார் முன்னாலும் என்னைப் பிடித்து உலுக்கி, "உனக்குக் கை வேண்டாமாடி? நாளைக்கு ஒண்ணு ஆச்சுன்னா உங்கம்மாவுக்கு யாரு பதில் சொல்றது?" என்று திட்டி, மடிப்பு மேசைக்கு மாற்றிவிட்டார்.

மடிப்பு மேசை சொர்க்கம் அப்பா. ஜன்னலோரம். நாலு பேர் உட்கார்ந்து ஊர்க்கதை பேசிக்கொண்டே மடிக்கிறோம். சிரித்துச் சிரித்து வயிறு வலிக்கிறது. மூலை பிசகாமல் மடிக்க எனக்கு நன்றாக வருகிறது. வீட்டுக்கு வரும் ஆசைகூடப் போய்விட்டது. இங்கே நான் நானாக இருக்கிறேன். அம்மாவிடம் சொல்லுங்கள்.

உங்கள்
சிட்டு

பிப்ரவரி 11

என் வீரச் சிட்டுக்கு,

ஒரு கல்லூரியில் உன் கதையைச் சொன்னேன். 'வேலை நிற்கக் கூடாது என்று, ஓடுகிற உருளைக்குள் கையை விட்டாள் என் மகள்' என்றதும் கைதட்டல் அடங்கவே இல்லை. ஒரு பெண் அழுதுகொண்டே வந்து என் கையைப் பிடித்துக்கொண்டாள். எந்தச் சலவைக்கூடம் என்று கேட்டாள். முகவரி கொடுத்தேன். நீ திட்டு வாங்கியதை மட்டும் விட்டுவிட்டேன். கேட்டால் பிள்ளைகள் சோர்ந்துபோவார்கள்.

ஒன்று சொன்னால் கோபித்துக்கொள்ளாதே. மடிப்பு மேசையைப் பற்றி மேடையில் நான் என்னத்தைச் சொல்வது? ஜன்னலோரம் உட்கார்ந்து சிரிக்கவா உன்னை அனுப்பினேன்? அந்த சூப்பர்வைசர் அம்மாவிடம் கெஞ்சியாவது மெஷினுக்குத் திரும்பிப் போ.

பெருமையுடன்,
அப்பா

மார்ச் 6

அப்பாவுக்கு,

உங்கள் கையைப் பிடித்து அழுத பெண் இங்கே வந்துவிட்டாள். படிப்பைப் பாதியில் விட்டுவிட்டு வந்திருக்கிறாள். என் அறையில், பக்கத்துக் கட்டிலில்தான் தூங்குகிறாள். பத்தொன்பது வயது, சரியான வாயாடி, எது கிடைத்தாலும் எனக்கும் பங்கு வைக்கிறாள். அவளை மெஷினில் போட்டிருக்கிறார்கள். "எப்படிக்கா கையை விட்டீங்க, ஒரு தடவை காட்டுங்களேன்" என்று நச்சரிக்கிறாள். அது முட்டாள்தனம் என்று தலைபாடாக அடித்துக்கொண்டேன். "நீங்க தன்னடக்கத்துல சொல்றீங்க" என்கிறாள்.

நீங்கள் சொன்னால் கேட்பாள். என் மகள் செய்தது தப்பு, அதற்குத் திட்டு வாங்கினாள் என்று அவளுக்கு இரண்டு வரி எழுதுங்கள். எனக்காக எழுதுங்கள் அப்பா.

சிட்டு

மார்ச் 19

சிட்டு,

அவளுக்கு எழுதிவிட்டேன். 'யார் தடுத்தாலும் தயங்காதே, உன் மனம் சொல்வதைச் செய்' என்று எழுதினேன். ஒரு மேடையில் சொன்னதை அடுத்த மேடையில் மாற்றிப் பேசினால் என்னை எவன் கூப்பிடுவான்? உனக்கு அப்பாவின் பாடு புரிவதில்லை.

நீ மெஷினுக்குத் திரும்பினாயா இல்லையா? அதைப் பற்றி மூச்சே விடவில்லையே.

அப்பா

ஏப்ரல் 2

அப்பாவுக்கு,

செவ்வாய்க்கிழமை காலை அவள் ஓடுகிற உருளைக்குள் கையை விட்டாள். உங்கள் கடிதம் அவள் சட்டைப் பையில் இருந்தது. நான் மடிப்பு மேசையிலிருந்து ஓடுவதற்குள் வலது கை உள்ளே போய்விட்டது. அந்தச் சத்தத்தை எழுத மாட்டேன், அதையும் நீங்கள் மேடைக்கு எடுத்துக்கொள்வீர்கள். ஆஸ்பத்திரியில் மணிக்கட்டோடு எடுத்துவிட்டார்கள். அவள் படுத்திருப்பது எங்கள் கூடத்து விரிப்பில்தான்.

உங்களை வெறுக்கிறேன் அப்பா. நிதானமாக யோசித்துத்தான் எழுதுகிறேன்.

சிட்டு

ஏப்ரல் 15

மகளுக்கு,

படித்ததும் சாப்பாடு இறங்கவில்லை. ஆத்திரத்தில் ஏதோ எழுதிவிட்டாய். பெற்றவனிடம் காட்டாமல் வேறு யாரிடம் காட்டுவாய், போகட்டும். உன் அம்மாவும் என்னோடு பேசுவதில்லை.

அந்தப் பெண்ணை அப்படியே விட்டுவிடக் கூடாது. ஜூனில் ஒரு பெரிய கூட்டம் இருக்கிறது. அவளை அழைத்துவந்து மேடையில் என் பக்கத்தில் உட்கார வைக்கலாம் என்றிருக்கிறேன். கூச்சப்படாமல் பேசுவாளா? கேட்டு எழுது. கைக்குப் போட்ட கட்டை அதுவரை பிரிக்காமல் இருந்தால் நல்லது.

அப்பா

ஏப்ரல் 29

ஐயா,

அவளிடம் நான் கேட்பதாக இல்லை. ஆஸ்பத்திரியிலிருந்து அறைக்கு வந்தவள், என் தலையணைக்கடியில் கிடந்த உங்கள் கடிதத்தைத் தானே எடுத்துப் படித்துவிட்டாள். கை போனபிறகு அன்றைக்குத்தான் சிரித்தாள்.

போகாதே, உன்னை வைத்துக் காட்சி காட்டப் பார்க்கிறார் என்றேன். "உங்களுக்குப் பொறாமைக்கா. நீங்க மடிப்பு மேசைக்கு ஓடிட்டீங்க, நான் ஓடலை. அவருக்கு நான்தான் நிஜமான மக" என்றாள். கட்டிலை அந்தப் பக்கச் சுவரோரம் தள்ளிப் போட்டுக்கொண்டாள். சோற்றைப் பிசைந்து கொண்டுபோனாலும் வாங்குவதில்லை.

ஜூனில் அவள் வருவாள். நான் வர மாட்டேன், கூட்டத்துக்கும் வீட்டுக்கும். அம்மாவுக்குத் தனியாக எழுதிக்கொள்கிறேன். உங்களுக்கு இனி அவளே எழுதுவாள். இடது கையால் எழுதிப் பழகிக்கொண்டிருக்கிறாள்.