குதிரைக் குளம்புக்குக் கீழே

ரெட்ரூத், கார்ன்வால்
அக்டோபர், 1893

அன்பு மகன் பாஸ்கோவுக்கு, அப்பா சொல்லச் சொல்லப் பக்கத்து வீட்டுத் தையல்காரி ஹோஸ்கன் அம்மாள் எழுதுவது. ஆண்டவர் உன்னைச் சுகமாக வைத்திருக்கட்டும்.

நீ அனுப்பிய சவரனை உன் சிநேகிதன் டிக்கரி நேற்றுக் கொண்டுவந்து கொடுத்தான். மெல்போர்னிலிருந்து நேராக வருகிறானாம். உன் அம்மா படுத்தபடியே அதை வாங்கிக் கன்னத்தில் ஒற்றிக்கொண்டாள். அவளுக்கு நெஞ்சுச் சளி இறங்கவில்லை. குளிர்காலத்தைத் தாண்டுவாளா என்று வைத்தியரைக் கேட்டேன். அவர் தொப்பியைத் தடவிக்கொண்டே நின்றார்.

எழுத்தறியாத நான் வருஷத்தைக் காசின் முகத்தை வைத்துத்தான் சொல்வேன். எங்கள் கல்யாணத்தின்போது ராணி தலையில் நாடா கட்டிய சின்னப்பெண். காசின் பின்பக்கம் கேடயம். நீ பிறந்த வருஷம் கேடயம் இருந்த இடத்துக்குப் பழைய குதிரைவீரன் திரும்பி வந்தான். சுரங்கத்து மேஸ்திரி அதில் ஒன்றை உன் பிஞ்சுக் கையில் வைத்தார். நீ விடவே இல்லை. "தங்கத்தைத் தேடி எந்தச் சீமைக்குப் போகப்போறானோ!" என்று மருத்துவச்சி சிரித்தாள். உன் அம்மா காசைத் திருப்பிப் பார்த்து, "பறக்கும் பாம்போட சண்டைக்கு வந்தவன் தொப்பியை மறக்கல, கால்சட்டையை மறந்துட்டானே" என்றாள். நீ கப்பலேறியபோது ராணிக்குத் தும்மினால் விழுந்துவிடும்போல ஒரு குட்டிக் கிரீடம். இப்போது முக்காடு. ராணிக்கும் வயதாகிவிட்டது, உன் அம்மாவுக்கும்தான்.

பாஸ்கோ, நீ முன்பு அனுப்பிய சவரன்களில் குதிரைக் குளம்புக்குக் கீழே, இரண்டு கூரை ஒட்டி நிற்பதுபோல் ஒரு பொடிக் குறி இருக்கும். அது மெல்போர்ன் குறி என்று நீதான் சொல்லியனுப்பினாய். கறி பொதிந்த பேஸ்டி ரொட்டி சுடும்போது மூலையில் அவரவர் குறியைக் குத்தி வைக்கிற வீடு நம்முடையது; குறியைப் பார்க்காமல் விடுவேனா? இந்த முக்காட்டு முகம் வந்ததே இந்த வருஷம்தான். நேற்று வந்த காசில் குளம்புக்குக் கீழே வெறும் மண். இது லண்டன் காசு.

டிக்கரியை நான் ஒன்றும் கேட்கவில்லை. அவனாகவே, "கடுதாசி குடுங்க மாமா, வியாழக்கிழமையே அவன் கையில சேர்த்துடறேன்" என்றான். சொன்னதும் நாக்கைக் கடித்துக்கொண்டான். மெல்போர்னுக்குக் கப்பலில் ஒன்றரை மாதமாகுமே, கடலைப் பாய் மாதிரிச் சுருட்டி வைத்துவிட்டார்கள் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன்.

மெல்போர்னில் வங்கிகள் இழுத்து மூடிய செய்தி சர்ச் வாசல்வரை வந்தது. வெறுங்கையோடு எந்த முகத்தை வைத்துக்கொண்டு வீட்டுக்குப் போவது என்று நினைத்திருப்பாய். இந்த ஒரு காசுக்காக எத்தனை வேளை பட்டினி கிடந்தாயோ.

அம்மாவிடம் சொல்லவில்லை. "நடுவுல அத்தனை பெரிய கடல், எம்புள்ள என்ன பண்ணுவான் பாவம்" என்று அவள் மனதைத் தேற்றிக்கொள்கிறாள். அந்தக் கடல் வற்றிவிட்டது என்று எப்படிச் சொல்வேன்?

சனிக்கிழமை உன் தங்கை டாம்சின் பேஸ்டி சுடுவாள். உன் பங்கில் மட்டும் குறியை அம்மாதான் குத்துகிறாள். படுத்த படுக்கையிலும் வேறு யாரையும் தொடவிடமாட்டாள். நீ போனதிலிருந்து ஒரு சனிக்கிழமையும் தப்பியதில்லை. இந்த வாரம் அது ஆறுவதற்குள் ரயிலேறி வந்துவிடு. கையில் ஒன்றும் வேண்டாம். கை காலியாக இருந்தால்தான் அவள் பிடித்துக்கொள்ள முடியும்.

ஆண்டவர் உனக்கு வழித்துணையாக வரட்டும்.

உன் அப்பா,
ஜாகோ ட்ரெம்பாத்

கீழே உள்ள சிலுவைக்குறி என் கையாலேயே போட்டது.

✕