ஞாயிற்றுக்கிழமை விஞ்ஞானப் படமும் பெரிய வூட்டு ஜன்னலும்

பாகூர்
ஞாயிறு சாயந்திரம்

அன்பு மகள் சுகன்யாவுக்கு அம்மா எழுதுறேன். நானும் அப்பாவும் அண்ணனும் இங்க சுகம். நீயும் மாப்பிள்ளையும் குட்டியும் அந்தக் குளிர்ல ஒரு தும்மல் கூட இல்லாம இருக்கணும்னு தினமும் வேண்டிக்கறேன். தினம் போன்ல பேசறோமே, இன்னாத்துக்கு லெட்டர்னு கேப்ப. போன்ல நான் ஒண்ணு சொல்ல ஆரம்பிச்சா நீ நடுவுல நாலு கேள்வி கேட்டுடற, நானும் சொல்ல வந்தத வுட்டுட்டு மீன் குழம்பு வச்ச கதைக்குப் போயிடறேன். இது முழுசா சொல்ல வேண்டிய சமாச்சாரம், அதான் உக்காந்து எழுதறேன். எட்டாங்கிளாஸ் படிச்ச கையெழுத்து, பொறுத்துப் படி.

ஏரி இந்த வருஷம் ரொம்பி இருக்கு, நடவு முடிஞ்சிச்சி. அப்பாவுக்கு முட்டி வலி கொஞ்சம் தேவலாம். நீ சின்ன வயசுல பாத்த அந்த விஞ்ஞானப் படம் அத்தனையும் நெட்டுல கெடச்சிருக்கு, நானும் மறுபடி பாக்கறேன், நீங்களும் பாருங்கன்னு லிங்க் அனுப்பினியே, அத உங்கண்ணன் அன்புராஜ் டிவியில போட்டுக் குடுத்தான். அப்ப இந்தியில வந்துது, இப்ப யாரோ புண்ணியவான் தமிழ்ல குரல் போட்டிருக்காங்க. மூணு வாரமா நானும் அப்பாவும் பாக்கறோம். ஒரு படத்துல விதை முளைக்கறத காட்டினான் பாரு, வேர் மண்ணுக்குள்ள இப்படியும் அப்படியும் வழி தேடிக்கினு போவுது, கண்ணு தெரியாதவங்க கையால துழாவற மாதிரி. எத்தினி வருஷம் நாத்து புடுங்கியிருக்கேன், வேர் கையில வந்தப்புறம்தான் பாத்திருக்கேன், அது போற அழக அன்னிக்குதான்டி பாத்தேன். நீ அனுப்பலன்னா பாக்காமலே போயிருப்பேன்.

உனக்கு அது மறுபடியும் பாக்கற படம், எனக்கு மொத தடவ. நம்ம வூட்டுல அப்ப டிவி இல்ல. ஞாயித்துக்கிழமை காலையில நான் பெரிய வூட்டு மாட்டுக் கொட்டாயில சாணி வாரிக்கினு இருப்பேன், நீ அந்த வூட்டு ஜன்னல் கம்பிய புடிச்சிக்கினு வெளிய நின்னு பாப்ப. நம்ம தெரு ஆளுங்க அந்த வூட்டு வாசப்படி தாண்டினதில்ல. நீ படத்தப் பாத்த, நான் உன் முதுகத்தான் பாத்தேன். நீ ஆறாவது படிக்கறப்போ ஒரு நாள் கரும்பு வெட்டிட்டு வந்த அப்பா உன்ன அங்க பாத்துட்டாரு. தரை சூட்டுல நீ கால மாத்தி மாத்தி வச்சிக்கினு நிக்கற, உள்ள ரெண்டு நாற்காலி சும்மா கெடக்குது. உன்ன தரதரன்னு இழுத்தாந்து அடிச்சாரே, உனக்கு ஞாபகம் இருக்கும். அவரு உன்ன அடிச்சது அந்த ஒரு தடவதான், அதுவும் உன் மேல கோவம் இல்ல. அடுத்த வாரமும் நீ போன. என் கூட கொட்டாயில இருக்கான்னு நான்தான் அவருகிட்ட பொய் சொன்னேன்.

போன வாரம் ஆஸ்பத்திரியில சுகர் மாத்திரைக்கு உக்காந்திருந்தேன், பக்கத்துல பெரிய வூட்டு தையலம்மாள். அவங்க வூட்டுக்காரரு சிங்காரவேலு போய் நாலு வருஷம் ஆச்சு, புள்ளைங்க எல்லாம் சென்னையில, தனியாத்தான் இருக்காங்க. உன்ன விசாரிச்சாங்க. நீ அனுப்பின படத்தப் பத்தி சொன்னேன். என் பக்கமா திரும்பி உக்காந்தாங்க. அப்புறம், செங்கமலம், எங்க வூட்டு டிவி எதிர் சுவத்தப் பாத்து இருந்துது, ஞாயித்துக்கிழமை மட்டும் நான்தான் ஜன்னல் பக்கம் திருப்பி வைப்பேன், அவரு கேட்டா வெளிச்சம் அடிக்குதுன்னு சொல்லுவேன், சத்தத்தையும் ஏத்தி வைப்பேன், எனக்கு அந்தப் படம் ஒண்ணுமே புரியாதுன்னாங்க.

எனக்கு கையெடுத்துக் கும்புடணும்னும் இருந்துது, கத்தணும்னும் இருந்துது. திருப்பி வச்சீங்களேம்மா, உள்ள வாடின்னு ஒரு வார்த்த கூப்பிட்டிருக்கலாமேன்னு கேட்டுட்டேன். அவங்கள நான் திருப்பிக் கேட்டது அதுதான் மொத தடவ. நர்ஸ் அவங்க பேர ரெண்டு தரம் கூப்புட்டாங்க, எழுந்துக்கல. கூப்பிட்டிருக்கணும், அவருக்கு பயந்தேன், ஊருக்கு பயந்தேன், உம்பொண்ணு வெயில்ல நிக்கறத பாத்துக்கினே நான் ஃபேனுக்குக் கீழ உக்காந்திருந்தேன்னு சொல்லிட்டு முந்தானையால மூஞ்சிய தொடச்சிக்கிட்டாங்க. எனக்கு எங்கேருந்துதான் தைரியம் வந்துதோ, வர்ற ஞாயித்துக்கிழமை எங்க வூட்டுக்கு வாங்க, சேந்து பாக்கலாம்னேன்.

அப்பாகிட்ட சொன்னப்போ பாதி சோத்தோட தட்ட தள்ளி வச்சாரு. அப்புறம், வரட்டும், ஆனா நான் எழுந்து நிக்க மாட்டேன்னாரு. நிக்க வேணாம்னுட்டேன்.

இன்னிக்கு காலையில ஆட்டோவுல வந்து எறங்கினாங்க. நம்ம தெருவுக்குள்ள அவங்க வந்து நான் பாத்ததில்ல. பக்கத்து வூட்டு வேலம்மாள் கொழாயடியில கொடத்த வச்சிட்டு வாயப் பொளந்துக்கினு நிக்கறா. அப்பா எழுந்திருக்கல. ஆனா பக்கத்துல இருந்த நாற்காலிய கையால தட்டி, உக்காருங்கன்னாரு. டீ குடுத்தேன், ரெண்டு வாய்ல குடிச்சிட்டு இன்னும் கொஞ்சம் இருக்கா செங்கமலம்னு கேட்டாங்க. படத்துல கடல காட்டினான். சுகன்யா அங்க இன்னா வேல பாக்கறான்னு கேட்டாங்க பாரு, அவ்ளோதான், உங்கப்பா படத்த நிறுத்தச் சொல்லிட்டாரு. பாண்டி பக்கத்துல பிள்ளைச்சாவடியில கடல் வூட்டுக்குள்ள வருதே, உலகம் பூரா அது எவ்ளோ ஏறுதுன்னு மேல ஒரு சேட்டிலைட்டு சுத்தி சுத்தி அளக்குது, அது சொல்ற கணக்கு சரியா தப்பான்னு எம்பொண்ணுதான் பாக்கறான்னு ரெண்டு கையையும் விரிச்சி விரிச்சி சொல்றாரு. தப்பா சொன்னாரோ சரியா சொன்னாரோ எனக்குத் தெரியாது. அவங்க முன்னாடி சாஞ்சி கேட்டுக்கினு இருந்தாங்க. உங்கப்பா அவ்ளோ பேசி நான் பாத்ததில்லடி. போறப்போ அவரும் வாசல் வரைக்கும் வந்தாரு.

மனசு நெறஞ்சி இருக்கு. படம் எடுத்தவங்களுக்கும், தமிழ்ல பேசினவங்களுக்கும், மறக்காம அனுப்பின உனக்கும் ரொம்ப கடமைப்பட்டிருக்கேன். குட்டிக்கு தலைக்கு எண்ணெ வையி, அந்த ஊரு ஷாம்பூ முடிய தின்னுடும். நீ மதியத்துல ரொட்டிய கடிச்சிக்கினு வேல பாக்காத, உக்காந்து சாப்புடு. பொங்கலுக்கு லீவு கெடைக்குமான்னு இப்பவே கேட்டு வையி.

தையலம்மாள் போன் நம்பர பின்பக்கம் எழுதியிருக்கேன். உன்கிட்ட ஒரு தரம் பேசணும்னு கேட்டாங்க, கட்டாயம் கூப்பிடு. இன்னா பேசணும்னு நான் சொல்ல மாட்டேன். நன்றி சொல்லணும்னா சொல்லு, கோவம் இருந்தா அதையும் சொல்லு, எதச் சொன்னாலும் கேட்டுக்கறேன்னுட்டுதான் போயிருக்காங்க. எனக்கு ரெண்டும் இருக்கு. ஆனா நன்றிதான்டி ஒரு பிடி கூட இருக்கு.

நீங்க மூணு பேரும் நோய் நொடி இல்லாம, நெனச்சதெல்லாம் நடந்து, நூறு வருஷம் நல்லா இருக்கணும்.

அப்பா செல்லப்பனின் ஆசீர்வாதத்தோடு,
உன் அம்மா
செங்கமலம்