மெசினுக்குப் போட்ட மாலை

என் ஆசை மச்சாள் பவானிக்கு,

நீ போன பிறகு எனக்குச் சண்டை பிடிக்க ஆளில்லை. உன் அண்ணர் இருக்கிறார்தான். ஆனால் அவரோடு சண்டை பிடிப்பதும் சுவரோடு கதைப்பதும் ஒன்று. எல்லாவற்றுக்கும் “ஓம், ஓம்” என்று சொல்லிவிட்டுத் தோட்டத்துக்குத் தண்ணீர் இறைக்கப் போய்விடுவார். அதனால் இதை உனக்கே எழுதுகிறேன். நாலு பேர் வாசித்தாலும் வாசிக்கட்டும். எங்கள் மில்லைப் போல இன்னும் எத்தனை மில்லுகள் இருக்கின்றனவோ?

நான் இன்னும் அதே உரும்பிராய் மில்லில்தான் நிற்கிறேன். காலையில் மெசினைப் போடுவது இப்போதும் என் பொறுப்பு. மிளகாய், மல்லி, இடியப்ப அரிசி என்று சனம் பைகளோடு காத்து நிற்கும். தூள் மூக்கில் ஏறி நீ அடுத்தடுத்துத் தும்மினால் மில்லே சிரிக்குமே, இப்போது அந்த இடத்தில் நின்று தும்முகிறவள் தர்சினி. நீ அவளைக் கண்டதில்லை. கைக்குழந்தையைத் தாயிடம் விட்டுவிட்டுக் கோப்பாயிலிருந்து சைக்கிளில் வருகிறவள். வாயிலும் உன்னைப் போல, வேலையிலும் உன்னைப் போல.

பவானி, அவளையும் மெசின் பிடித்துவிட்டது. உனக்கு முழங்கையோடு போனது. அவளுக்கு வலது கையில் இரண்டு விரல்.

எப்படி என்று கேட்கிறாயா? அதே மாலைதான். உனக்குத் தெரிந்த கதை, வாசிக்கிறவர்களுக்காகச் சொல்கிறேன். ஆயுத பூசைக்கு மெசினைக் கழுவித் துடைப்போம். பெல்ட்டை மூடியிருக்கும் இரும்பு மூடியைக் கழற்றி, பெல்ட் சுற்றும் சில்லுக்குச் சந்தனமும் குங்குமமும் வைத்து, மேலே பூமாலை போடுவோம். விஜயதசமிக் காலையில் நல்ல நேரம் பார்த்து மாலையோடேயே ஓட்டத் தொடங்குவோம். சாமிக்கென்று போட்ட மாலை தானாக வாடி உதிரும்வரை கழற்றக் கூடாது என்பது எங்கள் மில்லின் கட்டுப்பாடு. மாலை கிடந்தால் மூடி பொருந்தாது. ஆகவே அந்த நாட்களில் பெல்ட் திறந்தபடியே ஓடும், நாங்களும் அதன் பக்கத்திலேயே வேலை செய்வோம்.

உனக்கு நடந்த அன்றைக்கு மாலையின் ஒரு நுனி ஆடி ஆடி பெல்ட்டுப் பக்கம் போனது. பூ சிக்கி அறுந்துவிடக் கூடாதே என்று நீ கையை நீட்டினாய். சாமியின் மாலையைக் காப்பாற்ற நீட்டிய கை அது. நீ ஆஸ்பத்திரியில் கிடக்கும்போதே முதலாளி, “ஆர் உவளை மாலையிலை கை வைக்கச் சொன்னது?” என்று கேட்டார். ஊர், சாமிக் குற்றம் என்றது. மாதத் துடக்கோடு தொட்டிருப்பாள் என்றுகூடச் சிலர் சொன்னார்கள். சாமிக்கு உன் கை எதற்கு?

காயம் ஆறியதும் நீ சும்மா இருக்கவில்லை. இடது கையால் தூளை அள்ளிப் பையில் நிரப்பவும், பல்லால் கயிற்றைப் பிடித்துப் பையின் வாயைக் கட்டவும் பழகினாய். என்னையும் கூட்டிக்கொண்டு போய் முதலாளிக்கு முன்னால் கட்டியும் காட்டினாய். அவர் ஏசவில்லை. நல்ல குரலில்தான் சொன்னார்.

“பாவம் பாத்துத்தான் சொல்லுறன். நீ வீட்டிலை இரு பிள்ளை. சனம் கண்டா மனம் கஷ்டப்படும்.”

சைக்கிளில் எனக்குப் பின்னால் இருந்து வரும்போது நீ கேட்டாய்: “என்ரை கையைப் பாத்து அவைக்கு என்ன மச்சாள் கஷ்டம்?” அந்த மாரி மழைக்கு வந்த காய்ச்சல்தான் உன்னைக் கொண்டுபோனது என்று எல்லாரும் சொல்கிறார்கள். வேலை இல்லாமல் முற்றத்தைப் பார்த்துக்கொண்டிருந்த பகல்களில் நீ பாதியாகிப் போனதை நான் கண்டேன்.

உன் விபத்துக்குப் பிறகு கொஞ்சக் காலம் மாலை போடாமல் இருந்தார்கள். இந்த முறை வியாபாரம் மந்தம் என்று முதலாளிக்குப் பழைய பக்தி திரும்பிவிட்டது. “வேண்டாம்” என்று நான் தொண்டை கிழியக் கத்தினேன். கேட்டால்தானே? மாலை நூல் பெல்ட்டில் சுற்றி, பக்கத்தில் வேலை செய்துகொண்டிருந்த தர்சினியின் விரல்களையும் சேர்த்து இழுத்துவிட்டது.

முதலாளி பழப்பையோடு ஆஸ்பத்திரிக்குப் போனார். போய் என்ன சொன்னார் தெரியுமா? “நீ வீட்டிலை இரு பிள்ளை.” தர்சினிதான் அதை என்னிடம் சொன்னாள். உனக்குச் சொன்ன அதே சொல்.

அடுத்த நாள் காலை நான் சுவிச்சைப் போடவில்லை. வாசலில் கதிரையைப் போட்டு இருந்துவிட்டேன். மற்றப் பெண்களும் வந்து பக்கத்தில் இருந்தார்கள். மிளகாய்ப் பைகளோடு வந்த சனம் றோட்டுவரை நின்றது.

“என்ன சாந்தி, கரண்ட் இல்லையோ?” என்று கேட்டபடி முதலாளி வந்தார்.

“கரண்ட் இருக்கு. மூடிதான் இல்லை.”

“மாலையைக் கழட்டினா சாமிக் குற்றம் எண்டு உனக்குத் தெரியாதோ?”

“வாங்கோ, ஐயரிட்டையே கேப்பம்.”

சனத்துக்கு முன்னால் மறுக்க முடியாமல் வந்தார். கோயிலில் ஐயர் பூசை முடித்துவிட்டு நின்றார். நாங்கள் கேட்டதும் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார்.

“வாடுமட்டும் வைச்சிருக்கச் சொல்லி நான் எப்ப சொன்னனான்? தீபம் காட்டின கையோடை எடுத்துச் சாமிப் படத்துக்குப் போடுங்கோவன். ஓடுற மெசினிலை ஆரும் மாலையை விடுவினமோ?”

இவ்வளவு காலமும் ஒருவரும் அவரிடம் கேட்கவில்லை, மச்சாள்! எவரோ எப்போதோ சொல்லிவைத்ததற்கு ஒரு கையும் இரண்டு விரலும் கொடுத்திருக்கிறோம். கோயில் வாசலில் எனக்குச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது. அன்றைக்கே மூடி ஏறியது. முதலாளியே திருகாணி முடுக்கினார்.

ஆனால் தர்சினியின் வேலை? அதற்கு ஐயரிடம் போக முடியாதே. அவளைக் கூட்டிக்கொண்டு யாழ்ப்பாணத்துக்குப் போய்த் தொழில் அலுவலகத்தில் முறையிட்டேன். அங்கே இருந்த அலுவலர் சின்னப் பெண்தான். கடைசிவரை கேட்டாள்.

“வேலை செய்யேக்கை காயப்பட்டா முதலாளிதான் பொறுப்பு அம்மா. இது அவர் பாவம் பாத்துச் செய்யிற உதவி இல்லை,” என்றாள். வியாழக்கிழமை விசாரணை என்று நாள் குறித்தாள்.

அதன் பிறகு முதலாளி தேனாகிவிட்டார். எங்கள் வீட்டுக்கே வந்து, தேத்தண்ணியும் குடித்துவிட்டுச் சொன்னார்: “தர்சினியைத் திருப்பி எடுக்கிறன். தராசடியிலை கதிரை போட்டு விடுறன். விசாரணையிலை பவானியின்ரை கதையை மட்டும் எடுக்காதை. செத்த ஆளை ஏன் இழுக்கிறாய்?”

அந்தக் கதிரைக்காகத்தானே நான் இவ்வளவு தூரம் நடந்தேன்? உன் பெயரைச் சொன்னால் உயிரோடு இருக்கிறவளின் சோறு போகும். சொல்லாவிட்டால் நீ எப்போதும் மாலையில் கை வைத்த குற்றவாளி. இந்தப் பாரத்தை நான் தனியாகச் சுமக்க விரும்பவில்லை. நேரே கோப்பாய்க்குப் போய்த் தர்சினியிடமே சொன்னேன். கட்டுப்போட்ட கையை மடியில் வைத்தபடி, மற்றக் கையால் பிள்ளையைத் தட்டிக்கொண்டே கேட்டாள்.

“பவானி அக்காவைச் சொல்லாட்டி, என்ரை கவனக்குறைவு எண்டு முடிச்சுப்போடுவினம் அக்கா. ஒரே மாதிரி இரண்டு பேருக்கு நடந்ததெண்டா, அது ஆரின்ரை கவனக்குறைவு?”

“வேலை தரமாட்டன் எண்டா?”

“அவர் இரங்கித் தந்தா, நினைச்ச நேரம் பறிப்பார். சட்டப்படி வாங்கினா அப்பிடிப் பறிக்கேலாது. நீங்கள் சொல்லுங்கோ அக்கா.”

நீ இருந்திருந்தால் அவளைக் கட்டிப்பிடித்திருப்பாய். நான் நேரே மில்லுக்குப் போனேன். “செத்ததாலைதான் கதைக்கிறன், முதலாளி. உயிரோடை இருந்தா அவள் என்னை ஏன் தேடுறாள்? தானே வந்து கதைச்சிருப்பாள்,” என்றேன். என் வேலைக்கு என்ன ஆகுமோ தெரியாது. பயம் இல்லை என்று பொய் சொல்ல மாட்டேன். ஆனாலும் விசாரணைக்குப் போவேன்.

பவானி, வியாழக்கிழமை என்னிடம் கேட்கும்போது நான் தர்சினியில் தொடங்க மாட்டேன், உன்னில் தொடங்குவேன். மூடியில்லாத மெசினில் உன்னை வேலை செய்ய விட்டார்கள் என்று சொல்வேன். ஒற்றைக் கையோடு வேலை கேட்டு வந்தவளைத் திருப்பி அனுப்பினார்கள் என்று சொல்வேன். அவர்கள் எழுதி முடித்ததும் எல்லாவற்றையும் வாசித்துக் காட்டச் சொல்வேன். அதில் உன் பெயர் இல்லாவிட்டால் நான் கையெழுத்து வைக்க மாட்டேன். இது உனக்கு நான் தருகிற வாக்கு.

உன் அண்ணருக்கு வாழ்க்கைப்பட்டு வந்து
உன்னோடு ஒட்டிக்கொண்ட மச்சாள்,
சாந்தி