பூட்டுக்காரி

அன்புள்ள அண்ணாவுக்கு,

உன் தங்கை எழுதுவது. அம்மாவும் நானும் நலம். அம்மாவுக்கு முழங்கால் வலி கொஞ்சம் குறைந்திருக்கிறது. சமையலறைக் குழாய் ஒழுகுவதை நானே சரிசெய்துவிட்டேன். வாஷர்தான் தேய்ந்திருந்தது.

உன் கடிதத்தை நான்கு முறை படித்தேன். அந்த ஊரிலும் கழிவுநீர் நிலையத்தில், கசடு படியும் வட்டத் தொட்டியில்தான் வேலை என்றும், தொட்டியின் மேல் கசடை வழித்தபடி சுற்றுகிற பாலத்தை நிறுத்தாமலேயே விளிம்புப் பாசியைத் தேய்ப்பதாகவும் எழுதியிருக்கிறாய். ஆமை வேகத்தில் போகிற பாலம் என்னை என்ன செய்துவிடும் என்கிறாய். நிறுத்தச் சொன்னால் பயந்தாங்கொள்ளி என்பார்களாம்.

ஆமைதான், அண்ணா. ஆனால் நிற்கத் தெரியாத ஆமை. பாசியில் வழுக்கி உன் கால் விளிம்பில் உருளும் அதன் சக்கரத்தடியில் போனால், யார் கால் என்று அது பார்க்காது. நீச்சல் தெரியும் என்று வேறு எழுதியிருக்கிறாய். உள்சுவரில் பிடித்து ஏற ஒன்றுமே கிடையாது. பூட்ஸில் தண்ணீர் நிறைந்தால் நீச்சல்காரனும் கல்தான்.

படித்த திமிரில் சொல்கிறேன் என்று நினைக்காதே. போன செவ்வாய்க்கிழமை, நான் வேலை பார்க்கும் இந்த ஊர்க் கழிவுநீர் நிலையத்தில் ஃபிட்டர் ஒருவர் பாலத்தை நிறுத்தி, சுவிட்ச் பெட்டியில் தன் பூட்டைப் போட்டுவிட்டுப் பாசி தேய்த்துக்கொண்டிருந்தார். பூட்டியவர்தான் திறக்க வேண்டும் என்பது இங்கே விதி. இரண்டு மணி நேரம் கழித்து, கசடு இறுகுகிறது, உடனே ஓட்டுங்கள் என்று மேலாளர் ஃபோனில் கத்தினார். ஃபிட்டரைக் காணவில்லை. டீ குடிக்கப் போயிருப்பார் என்று சொல்லிக்கொண்டே ஆபரேட்டர் பூட்டை அறுக்க ரம்பத்தோடு வந்துவிட்டார்.

பஸ்ஸில் இறங்குமிடத்தைச் சொல்லக் கூச்சப்பட்டு, அடுத்த நிறுத்தத்திலிருந்து நடந்து வருகிறவள் நான். உனக்கே தெரியும். அன்று பெட்டிக்கு முன்னால் போய் நின்றுகொண்டேன்.

"அவரைக் கண்ணால பார்க்காம இந்தப் பூட்டைத் தொட விடமாட்டேன்" என்றேன். இடத்தைவிட்டு நகரவில்லை.

இருபது நிமிடம் தேடினார்கள். ஃபிட்டர் வாயைத் துடைத்துக்கொண்டு கேன்டீனிலிருந்து வந்தார். டீயேதான். எல்லாரும் சிரித்தார்கள். மேலாளர் எழுத்தில் விளக்கம் கேட்டார். மறுபடியும் இப்படித்தான் செய்வேன் என்று எழுதிக் கொடுத்துவிட்டேன். இப்போது எனக்குப் பூட்டுக்காரி என்று பெயர். தினமும் வேலை முடிந்ததும் அந்த ஃபிட்டர் என் மேசைக்கு முன்னால் வந்து, பூட்டுக்காரியம்மா, முழுசா வந்துட்டேன், கை கால எண்ணிப் பார்த்துக்கோங்க என்கிறார். கேலிதான். ஆனாலும் வந்து சொல்லிவிட்டுத்தானே போகிறார்.

உன்னை அப்படித் தேட அங்கே ஒருவரும் இல்லை என்பது உன் எழுத்திலேயே தெரிகிறது. நாளைக்கே மேஸ்திரியிடம் பேசு. பாலம் நின்று, உன் பூட்டு விழுந்து, சாவி உன் சட்டைப்பைக்கு வந்த பிறகுதான் தொட்டி விளிம்பில் கால் வைக்க வேண்டும். தனியாகப் போகாதே. கையில் வெட்டுக்காயம் என்று எழுதியிருந்தாயே, அது ஆறும்வரை அந்தத் தண்ணீர்ப் பக்கமே போகாதே. பயந்தாங்கொள்ளி என்று யாராவது சொன்னால், எங்கள் குடும்பமே அப்படித்தான் என்று சொல்லிவிடு.

உன் கடிதத்தைப் படிக்கச் சொல்லி அம்மா பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். பாலத்தைப் பற்றிய பத்தியைத் தாண்டிவிட்டு, லேசான வேலைதான் என்று நீ எழுதியதுபோல நானாகச் சேர்த்துப் படித்தேன். அவளும் நம்பினாள். எழுத்துத் தெரியாதவளை நான் ஏமாற்றியது இதுவே முதல் தடவை. அடுத்த கடிதத்தை ஒரு வரி விடாமல் படிக்கிற மாதிரி எழுது, அண்ணா.

உன் தங்கை