முதலில் யார் உட்காருவது

ஜன. 9, வெள்ளி

மார்கழிப் பனி. காயப்போட்ட துணி இன்னும் ஈரம். நாளைக்கு: புளியோதரை, தயிர்சாதம், மோர்மிளகாய், தண்ணீர் எக்கச்சக்கமாக. தீபாவின் பழைய ஷூ எனக்குச் சரியாக இருக்கிறது. இடது கட்டைவிரல் மட்டும் முறைக்கிறது.

எல்லாம் என் மகள் தீபாவின் ஏற்பாடு. கூட வேலை செய்யும் கார்த்திக்கைப் பிடித்திருக்கிறது. தையில் நிச்சயம் செய்யலாம் என்று பேச்சு. ஆனால் அவன் அம்மா எப்படிப்பட்டவர் என்று தெரிந்தால்தான் சரி சொல்வாளாம். மாதாமாதம் மலை ஏறுகிற பெண். கல்யாணத்துக்கு அப்புறம் போதும், வீட்டில் இரு என்று சொல்லிவிட்டால்? அதைக் கேட்கும் வேலையை என் தலையில் கட்டிவிட்டாள்.

ஆகவே நாளை நாலு பேரும் மாதேஸ்வரன் மலைக்கு அந்தப் பக்கம், காவிரிப் பள்ளம் தெரிகிற பாறைக்கு. அவன் அம்மா மல்லிகாம்மா வழியில் தன் ஊர் ராமாபுரத்தில் ஏறிக்கொள்வார். என் வீட்டுக்காரர் முதுகுவலி என்று நழுவிவிட்டார். புண்ணியவான்.

ஜன. 10, சனி

போனேன். வந்தேன். உயிரோடு இருக்கிறேன். பேனா பிடிக்கத் தெம்பில்லை.

ஜன. 11, ஞாயிறு

மாடிப்படியைப் பக்கவாட்டில் இறங்குகிறேன், நண்டு மாதிரி. இவருக்கு ஒரே சிரிப்பு. சிரிக்கட்டும்.

நேற்றைய கதை. மல்லிகாம்மா வண்டி ஏறியபோதே எனக்குப் பயம். இஸ்திரி போட்ட புடவை, நேரான முதுகு, அளந்த சிரிப்பு. நல்லா இருக்கறீங்களா என்றார், அதோடு சரி. நானும் அளந்தே சிரித்தேன்.

மலையில் மரம் அபூர்வம். முள், சுடும் பாறை, காலடியில் உருளும் சரளை. முதல் ஏற்றத்திலேயே எனக்கு மூச்சு தொண்டையில் நின்றது. ஒரு நிழல் வந்தது. உட்காரலாமா என்று கேட்டேன். உங்களுக்கு முடியலைன்னா உட்காருங்க, எனக்கு ஒன்றுமில்லை என்றார். பையனைப் பெற்றவர் நிற்கும்போது பெண்ணைப் பெற்றவள் காலை நீட்டுவதா? எனக்கும் ஒன்றுமில்லை என்றேன். நடந்தோம். அடுத்த நிழலில் அவர் கேட்டார், நான் அதே பதில். அதற்கடுத்ததில் யாரும் கேட்கவில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு நடை.

பின்னால் தீபா கத்திக்கொண்டே வந்தாள். கார்த்திக் ஒரு பாறையில் மல்லாந்துவிட்டான். வழிகாட்ட வந்த ஆள் கன்னடத்தில் அவர்களிடம் கேட்டாராம், இந்த ரெண்டு அம்மாவுக்கும் வீட்டில் ஏதாவது சண்டையா என்று.

மேலே பாறை விளிம்பு. அடேயப்பா. பூமி அங்கே அப்படியே முடிந்துபோகிறது. இரண்டு பக்கமும் செங்குத்தாகப் பழுப்புப் பாறை, கீழே, ரொம்பக் கீழே, சத்தமே இல்லாமல் காவிரி. எங்களுக்குக் கீழே ஒரு கழுகு பறந்தது! கழுகின் முதுகை இந்த வயதில்தான் பார்க்கிறேன்.

அப்போதும் இருவரும் நின்றுகொண்டுதான் இருந்தோம். என் கால் தானாக ஆட ஆரம்பித்தது. மறைக்கப் பார்த்தேன். பக்கத்தில் அவர் புடவைக் கொசுவமும் ஆடுகிறது. காற்றே இல்லை.

"ஏனுங்க, நீங்க உக்காந்தா நானும் உக்காந்துக்குவனுங்க," என்றார் மெல்ல. "மொத மரத்துலயே எனக்கு உசுரு போயிருச்சு."

பொத்தென்று இருவரும் தரையில். சிரித்துச் சிரித்துக் கண்ணில் தண்ணீர். புளியோதரையை ஒரே டப்பாவில் கைவிட்டுத் தின்றோம். அந்தச் சிரிப்பில் கேள்வி தானாக வந்துவிட்டது. கல்யாணம் ஆனபிறகு தீபாவை இப்படியெல்லாம் அனுப்புவீர்களா?

அவர் பள்ளத்தைப் பார்த்துக்கொண்டே சொன்னார்: "கட்டிக்கிட்டு வந்த நாள்லருந்து இந்த மலைய எங்க ஊருல இருந்து பாத்துட்டு இருக்கறனுங்க. இதுக்கு அந்தப் பக்கம் என்ன இருக்குதுன்னு இன்னைக்குத்தான் தெரிஞ்சுது. அவளத் தடுத்துட்டா அப்புறம் என்னைய யாருங்க கூட்டியாருவாங்க?"

மோர்மிளகாயை எடுத்து அவர் கையில் வைத்தேன்.

ஜன. 12, திங்கள்

வெயில் வந்துவிட்டது. துணி காய்ந்தது. கட்டைவிரல் நகம் நீலம்.

மல்லிகாம்மா ஃபோன். முழங்காலுக்கு என்ன தைலம் என்று ஆரம்பித்து, எங்கெங்கோ போய், அடுப்பில் என் ரசம் பொங்கி வழிந்ததுதான் மிச்சம்.

ஆபீஸ் கிளம்புகிற அவசரத்தில் தீபா வாசலில் நின்று பாதிக் கன்னடத்தில் கேட்டாள்: "ஏனாயித்தும்மா, என்ன ஆச்சு, அவங்ககிட்ட கேட்டியா இல்லியா? நான் சரின்னு சொல்லட்டுமா, வேணாமா?"

"பையன் உன் பாடு," என்றேன். "அந்தம்மாவை நான் விடறதா இல்ல."