மாதா முடக்கும் எயார் பில்டரும்

பெப்ரவரி 10, செவ்வாய்

பனி. குழாய்த் தண்ணீரில் கை வைக்க முடியவில்லை. மழை இல்லாமல் ரோடெல்லாம் தூசி. ஓரத்துத் தேயிலை கூட சிவப்பாகிவிட்டது.

எங்கள் பிக்கப் வண்டி இன்றைக்கும் மாதா முடக்கு வளைவில் நின்றது. எங்கள் லயத்து வீடுகள் பள்ளத்தில். மெயின் ரோட்டுக்கு அந்த ஏற்றம் ஒன்றுதான் வழி. கறுப்புப் புகை, இருமல், பிறகு சத்தமே இல்லை. கரட் மூட்டைகளை இறக்கி, வெறும் வண்டியை மேலே ஏற்றி, பிறகு மூட்டைகளை ஒவ்வொன்றாகச் சுமந்தோம். அண்ணனும் நானும். மாதா சொரூபம் பார்த்துக்கொண்டே நின்றது.

பின்னேரம் மெக்கானிக் பாஸ் வந்தார். எயார் பில்டரைக் கழற்றி உள்ளே பல்பைப் பிடித்தார். வெளிச்சம் வெளியே வரவே இல்லை. எஞ்சினுக்குக் காற்றே போகவில்லையாம். இனித் தட்டிப் பிரயோசனமில்லை, புதிது போடுங்கள் என்றார். அதைக் கழற்றிக் கல்லில் தட்டித் துடைப்பது என் வேலை. கையிலேயே அதன் அளவு இருக்கிறது.

மதினிக்கு இது பிள்ளை பெறுகிற மாதம். குசினிக்கும் வாசலுக்கும் நடந்தாலே மூச்சு வாங்குகிறது. ஆம்புலன்ஸ் மெயின் ரோட்டோடு நின்றுவிடும், பள்ளத்துக்கு இறங்காது. அம்மா அடுப்பைப் பார்த்துக்கொண்டே சொன்னது:

"வலி வந்தா அவள மூட்ட மாதிரி எறக்கி ஏத்த முடியாதுடா."

அண்ணன் சாப்பிடாமல் எழுந்துவிட்டான்.

பெப். 11, புதன்

அண்ணனுக்கு லோடிங். அம்மா கொழுந்து பறிக்க. அதனால் கடைக்கு நான்.

பில்டர். பருப்பு. மதினிக்குத் தோடம்பழம். ஊக்கு ஒரு அட்டை.

ராகலை டவுன் பஸ்ஸில் வண்டியின் பெயரை மனதுக்குள் சொல்லிக்கொண்டே போனேன். ஸ்கூலை விட்டதிலிருந்து வெளி ஆட்களிடம் ஒரு முழுப் பேச்சு பேசியதில்லை. பார்ட்ஸ் கடை முழுக்க ஆம்பளைகள். எனக்குப் பிறகு வந்தவர்கள் எல்லாம் வாங்கிக்கொண்டு போனார்கள். கடைசியில் முதலாளி "என்ன புள்ள" என்றார். வண்டிப் பெயரைச் சொன்னேன். அவருக்குக் கேட்கவில்லை. இன்னொரு தடவை சொன்னேன்.

ஒன்றை எடுத்துக் கண்ணாடி மேசை மேல் வைத்தார். "இதுதானே?"

சிறியது. பார்த்ததுமே தெரிந்தது. தலை தானாக ஆடிவிட்டது. ஆமாம் என்று.

வீட்டில் போட்டுப் பார்த்தோம். சுற்றிவர ஒரு விரல் இடைவெளி. அண்ணன் ஏசவில்லை. அதுதான் கஷ்டம். பாஸுக்கு போன் போட்டான். வண்டியை முன்பு வைத்திருந்த ஆள் எஞ்சினையே மாற்றிப் போட்டிருக்கிறாராம். வண்டிப் பெயரைச் சொல்லி வாங்கினால் சேராது, பழையதைக் கொண்டுபோய்ப் பார்த்துத்தான் வாங்க வேண்டுமாம்.

அண்ணன் பழைய ரப்பர் செருப்பை வளையமாக வெட்டி இடைவெளியில் அடைத்தான். "கொஞ்ச நாளைக்குத்தானே, ஓடும்." நான் டோர்ச் பிடித்துக்கொண்டிருந்தேன். செருப்புத் துண்டுக்குப் பக்கத்தில் இன்னும் வெளிச்சம் போனது. வெளிச்சம் போனால் தூசியும் போகும். சொல்லவில்லை.

தோடம்பழம் புளிப்பு. ஊக்கு மறந்துவிட்டேன்.

பெப். 12, வியாழன்

விடிய வண்டியைக் கிளப்பினான். வாசலைத் தாண்டவில்லை, செருப்பு வளையம் கழன்று உள்ளே விழுந்துவிட்டது. அண்ணன் நடந்தே வேலைக்குப் போனான்.

மதினி கட்டிலில் உட்கார்ந்து புளிப்புப் பழத்தைத் தின்றுகொண்டே:

"நீ போய் மாத்திக் கேக்குறியா, இல்ல இந்த வயித்தத் தூக்கிக்கிட்டு நான் வரவா?"

சிரித்தோம். பிறகு மதினி சிரிக்காமல் சொன்னது:

"பயமா இருக்கு புள்ள. அந்த முடக்குல நின்னுட்டா நான் என்னா செய்வேன்?"

மதினி பயப்படுகிற ஆள் இல்லை. எல்லாரும் பயப்படுகிற எங்கள் மாமாவையே கல்யாண வீட்டில் பாடச் சொன்னவங்க.

பழைய பில்டரையும் புதிதையும் உரப்பையில் போட்டுக்கொண்டு கிளம்பினேன். கடையில் ஒருவர், "தங்கச்சி, பையில கோழியா?" எல்லாரும் சிரிப்பு. காது சுட்டது. இரண்டையும் எடுத்துக் கண்ணாடி மேல் ஒன்றின் மேல் ஒன்றாக வைத்தேன்.

"மொதலாளி, இது சேரல. மாத்திக் குடுங்க."

என் குரல் எனக்கே கேட்டது. அவர் திருப்பித் திருப்பிப் பார்த்தார். தூசி ஒட்டியிருந்தது. போட்டுப் பார்த்ததை எப்படித் திருப்பி எடுப்பது என்றார். நேற்றென்றால் திரும்பியிருப்பேன்.

"நேத்தே சின்னதுன்னு தெரியுங்க. சொல்ல வாய் வரல. வீட்ல மதினி மாசமா இருக்காங்க. ஏத்தத்துல வண்டி நிக்கிது."

மூச்சு விடாமல் சொன்னேன். கோழி கேட்டவர் கொஞ்சம் தள்ளி இடம் விட்டார். முதலாளி சின்னதைத் துணியால் துடைத்துத் திரும்ப அலமாரித் தட்டில் வைத்துவிட்டு, பழையதோடு அளந்து மூன்று கொண்டுவந்தார்.

ஒன்று மலிவு. போன் டோர்ச்சை உள்ளே பிடித்தேன். ஒட்டின இடத்தில் ஊசி முனை அளவு வெளிச்சம். வேண்டாம்.

ஒன்று கழுவிக் கழுவிப் போடுகிற பஞ்சு. ஆயுசுக்கும் போதும் என்றார். எங்கள் லயத்தில் கழுவின சட்டையே மூன்று நாள் காய்வதில்லை. இது எப்போது காய்ந்து, எப்போது எண்ணெய் தடவி? வேண்டாம்.

ஒன்று படம் போடாத வெள்ளைப் பெட்டியில். காகிதம் நெருக்கமாக மடித்தது. விளிம்பு ரப்பரை அமுக்கினால் அமுங்கி மெதுவாக எழும்புகிறது. வெளிச்சம் எல்லாப் பக்கமும் ஒரே மாதிரி மங்கலாக. பழையதன் மேல் வைத்தேன், விளிம்போடு விளிம்பு.

இதுதான் என்றேன். தலையை ஆட்டாமல், வாயால்.

ஊக்கும் வாங்கினேன்.

பெப். 13, வெள்ளி

அண்ணன் என்னையே போடச் சொன்னான். கிளிப் 'டக்' என்றது. சுற்றிவர விரலை ஓட்டினேன், எங்கேயும் நுழையவில்லை. லீக்ஸ் ஏற்றிக்கொண்டு அவன் மட்டும் போனான். நான் குழாயடியில் நின்று முடக்குச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருந்தேன். நிற்காமல் ஏறிப் போனது. வாளி நிரம்பி வழிந்ததற்கு அம்மாவிடம் ஏச்சு.

ஆனால் அது பகல், காய்ந்த ரோடு. மதினி உட்கார்ந்து போனால்தான் தெரியும்.

பெப். 16, திங்கள்

விடிகிற நேரம் மதினிக்கு வலி. மதினியும் அம்மாவும் முன்னால். நான் பின்னால், துணிப்பையோடு, தார்ப்பாயைப் போர்த்திக்கொண்டு.

மாதா முடக்கு வந்தது. கண்ணாடி வழியாகப் பார்த்தேன், மதினியின் கை கதவுப் பிடியில். இறங்கத் தயாராக. அண்ணன் கியரைக் குறைத்தான். நான் கண்ணை மூடிக்கொண்டேன். ஒரே சத்தம், அறுபடாத சத்தம். கண்ணைத் திறந்தபோது மாதா எங்களுக்குப் பின்னால், கீழே.

மதினி கையைப் பிடியிலிருந்து எடுத்து வயிற்றில் வைத்திருந்தாங்க.

பெப். 17, செவ்வாய்

பெண் பிள்ளை. இருவரும் நலம். நுவரெலியா ஆஸ்பத்திரி, வார்டு முழுக்கக் கேட்கிற மாதிரி அழுகை. நர்ஸ் நோனா காதைப் பொத்திக் காட்டிச் சிரித்தாங்க.

அண்ணன் பிள்ளையைக் காட்டி, என்னைப் பார்த்து: "இவள கடைக்கு அனுப்பியிருந்தா மொத தடவையே சரியானத வாங்கியிருப்பா."

"நான் ரெண்டாவது தடவ வாங்கினேன்ல," என்றேன். சத்தமாகத்தான். பக்கத்துக் கட்டில் அக்கா திரும்பிப் பார்த்தாங்க.

நாளைக்கு அழைத்து வரலாமாம். ரோட்டில் தூசி அப்படியே. காலையில் பில்டரைக் கழற்றித் தட்ட வேண்டும், மெதுவாக.